மடியில் இருந்த கருப்பட்டி

கத்திரி வெயிலின் ஏழாம் நாள் மாலை. கொற்றியாற்றில் தண்ணீர் இல்லை. ஆகவே கிழக்கே எழுந்த முழுநிலவு அன்று தன் முகத்தை மணலில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பகலெல்லாம் காய்ந்த அந்த மணல், பொழுது சாய்ந்த பின்னும் அடுப்பிலிருந்து இறக்கிய ஓடு போல அனலை விட்டுக்கொண்டிருக்க, கரையோரம் நீண்டு கிடந்த செங்கரை மன்னரின் பாசறையில் வெட்டிவேர்த் தட்டிகளுக்கு நீர் தெளிப்பவர்கள் மட்டும் ஓய்வின்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

வாசகர்களே, மன்னர் பெருமிடலாரை அரியணையில் வைத்துக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் கத்திரி இருபத்தொரு நாளும் அவர் அரியணை ஏறுவதில்லை. முதல் சில நாள் கழுத்தளவு நீர் நிறைந்த வெண்கலக் கொப்பரையில் அமர்ந்திருப்பார். அமைச்சர்கள் சுற்றி நின்று ஓலை படிப்பார்கள். பிறகு ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுவார். மழை இறங்கும்வரை முத்திரை மோதிரம் மகள் அமரகோதையின் விரலில் இருக்கும். அது செங்கரை வழக்கம்.

இந்த ஆண்டு பழைய மலைகள் அவருக்குப் போதவில்லை. வெண்குன்றத்தில் விடியற்காலையில் இலைமேல் பனி உறையும் என்று கேள்விப்பட்டார். அந்த மலைத் தலைவரின் மகன் சேந்தனே அழைப்போலையுடன் வந்து சேர்ந்தபோது அவர் வேறெதுவும் விசாரிக்கவில்லை. அடிவாரத்தில் ஆயுதங்களை மலைத்தெய்வத்தின் முன் வைத்துவிட்டு வெறுங்கையுடன்தான் ஏறவேண்டும் என்றார்கள். அதற்கும் தலையசைத்தார். மறுநாள் விடியலில் பயணம்.

சேந்தன் வந்து பத்து நாள். அதற்குள் அமரகோதைக்கும் மலைமேல் ஆசை பிறந்துவிட்டது. மலைமேல் மட்டுமா என்று தோழி நங்கை கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அடிவாரத்து வழியைப் பார்க்கப் போயிருந்த சேந்தன் அப்போதுதான் திரும்பி வந்து, இளவரசியின் கூடாரத்துக்கு முன் குதிரையை விட்டு இறங்கினான்.

"மலைக்காரரே, வெந்துவிட்டீரோ?" என்றாள் அமரகோதை.

"பாதி வெந்தேன், இளவரசி. மீதியைத் தங்கள் பார்வை பார்த்துக்கொள்ளும்."

"உங்கள் மலையில் பேசினால் வாயிலிருந்து புகை வருமாமே?"

"பொய் சொன்னால் மட்டும்."

"அப்படியானால் நீர் அங்கே வாய் திறக்காமல் இருப்பதே நலம்."

சேந்தன் சிரித்தான். நங்கை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் உடனே குடிக்கவில்லை. ஒரு கை நீரைப் பாதங்களில் ஊற்றிக்கொண்டான். உட்கார்ந்தான். மடியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்களை மூடினான். நெற்றி வியர்வை காய்ந்த பிறகே குடித்தான்.

செம்பை வாங்கிய நங்கை அவன் கன்னத்தையே பார்த்தாள். செம்பு விழுந்து மணலில் உருண்டது.

நங்கை தெற்கே கரம்பை நாட்டில் பிறந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாக, வெயிலில் போய் வரும்போதெல்லாம் அவளும் இதையேதான் செய்தாள். தண்ணீர் குடிக்கவும் உங்கள் ஊரில் சடங்கா என்று அமரகோதை கேலி செய்வாள். சூட்டோடு குடித்தால் உயிர் நிற்காது, தாயே என்பாள் நங்கை.

அமரகோதை தோழியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய மடியைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"கருப்பட்டி."

"வெண்குன்றத்தில் பனை வளருமா?"

அவன் மடியை இறுக்கிச் செருகிக்கொண்டான்.

"தேன் அல்லவா இருந்திருக்க வேண்டும் உம் மடியில்?" அவள் குரல் தாழ்ந்தது. "நீர் யார்?"

"வெண்குன்றத் தலைவருக்கு மகன் இல்லை, இளவரசி. வெண்குன்றத்துக்குத் தலைவரே இல்லை. பாழடைந்த மாடம் ஒன்று இருக்கிறது. மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் நாற்பது வாள்கள் இருக்கின்றன. அடியேன் கண்டன்காரி. கரம்பைத் தலைவரின் இளைய மகன்."

அமரகோதை கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தந்தை உமக்கு என்ன தீங்கு செய்தார்?"

"தீங்கா? அவருக்குப் புழுங்கியது. அவ்வளவுதான். சென்ற கத்திரியில், மேற்கு அணையிலிருந்து கரம்பைக்கு நீர் வரும் மதகை அடைத்து, நீராழி மண்டபத்தை நிரப்பிக்கொண்டார்; இன்னும் திறக்கவில்லை. எங்கள் ஏரி பத்தே நாளில் காய்ந்து வெடித்தது. ஊர்தோறும் பாடை. என் தாய் களத்திலிருந்து வந்து தள்ளாடி விழுந்தாள். கருப்பட்டியை அவள் வாயில் நான்தான் வைத்தேன். பின்னால் கொடுக்கத் தண்ணீர் இல்லை."

நீராழி மண்டபம். சென்ற கோடையில் அமரகோதை நாள்தோறும் மூன்று முறை அதில் நீராடினாள். தண்ணீர் இத்தனை குளிர்ச்சியாக எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள்கூட யாரையும் கேட்டதில்லை. இப்போது அவள் தோழியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா, நங்கை?"

"தெரியும், தாயே."

"ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் நீந்திக்கொண்டிருந்தீர்கள்."

கண்டன்காரி எழுந்தான். "காவலரைக் கூப்பிடுங்கள். விடியலில் மன்னர் புறப்படமாட்டார். நானும் உயிரோடு இருக்கமாட்டேன்."

அவள் கூப்பிடவில்லை. காவலன் தானாகவே ஓடிவந்தான். மூச்சிரைக்க வணங்கினான்.

"இளவரசி, மன்னர் புறப்பட்டுவிட்டார். நிலவு எழுந்ததும், விடியும்வரை இந்தப் புழுக்கத்தில் கிடக்க முடியாது என்று பல்லக்கில் ஏறிவிட்டார். இதைத் தங்களிடம் தரச் சொன்னார்."

அவன் உள்ளங்கையில் முத்திரை மோதிரம் இருந்தது.

கண்டன்காரியின் முகமும் வெளுத்தது. பத்து நாள் அவர் உப்பைத் தின்றிருந்தான். அவர் மகளோடு பேசிச் சிரித்திருந்தான்.

அமரகோதை காவலனைச் சற்று விலகி நிற்கச் சொன்னாள். மோதிரத்தை அணிந்துகொண்டாள்.

"உம் ஆட்கள் உம் சொல்லைக் கேட்பார்களா?"

"கேட்பார்கள். நேரத்துக்குப் போனால்."

"அவரைக் கொல்லக் கூடாது. திருப்பி அனுப்பவும் கூடாது. அந்தப் பாழ்மாடத்துக்குக் கூரை வேய்ந்து, அவரை அங்கேயே இருத்துங்கள். அவருக்குக் குளிர்தானே வேண்டும்? ஆயுள் முழுவதும் இருக்கட்டும்."

"செங்கரை?"

"இனி என்னுடையது. மதகை இன்றிரவே நான் நின்று திறப்பேன். கரம்பை ஏரியில் நீர் விழும் ஓசையைக் கேட்கும்வரை ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கமாட்டேன். இது என் தாய்மேல் ஆணை."

"தண்ணீர் குடிக்காமல், இந்தக் கத்திரியிலா?"

"இந்தக் கத்திரியில்தான்."

கண்டன்காரி அவளை நெடுநேரம் பார்க்கவில்லை. நேரம் இல்லை. மடியிலிருந்த மிச்சக் கருப்பட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"காவலனே!" என்றாள் அமரகோதை. "இளவரசர் சேந்தனாருக்கு நம் லாயத்திலேயே விரைவான குதிரையைக் கொடு. மன்னருக்குத் துணையாகப் போகிறார். எனக்கும் ஒன்று கொண்டு வா."

வடக்கே மலையை நோக்கி ஒரு குதிரை பறந்தது. மேற்கே மதகை நோக்கி மற்றொன்று திரும்பியபோது, நங்கை செம்பை மீண்டும் நிரப்பிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"தாயே, ஒரு வாய்!"

அமரகோதை செம்பை வாங்கினாள். அதைக் குதிரையின் வாயருகே பிடித்தாள். அது குடித்து முடித்ததும் வெறும் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். கருப்பட்டியைத் தன் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.