பதிலில் வந்த எண்

ஸ்கிரீனில் அறுபத்துநான்கு வர வேண்டிய இடத்தில் அறுபத்துமூன்று வந்திருந்தது.

ஒரு எண்தானே என்று விட்டிருக்கலாம். ரூபாவால் முடியவில்லை, நெட்வொர்க் வேலையில் எட்டு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து 'இருக்கிறாயா?' என்று கேட்பதுதான் பிங். 'இருக்கிறேன்' என்கிற பதில் அறுபத்துநான்கைச் சுமந்துகொண்டு புறப்படும். வழியில் ஒரு ரூட்டரைத் தாண்டினால் ஒன்று குறையும். வழிதவறிய பதில் காலமெல்லாம் அலையக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு அது. எண் பூஜ்யமானால் பதில் அங்கேயே அழிந்துவிடும். ஆனால் சித்தூருக்கு வெளியே இருந்த இந்த மாம்பழக்கூழ் கம்பெனியில், அவள் மேஜைக்கும், அவள் கணவன் கிரண்குமார் கேமரா மாட்டப் போயிருந்த குளிர் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான். ரூட்டரே கிடையாது. பிறகு எதைத் தாண்டி வந்தது பதில்?

"மாமா, எங்க கீற?"

அந்தத் தடித்த சுவருக்குள் போன் எடுக்காது. அவன் தூக்கிப்போன லேப்டாப் வழியாகத்தான் பேச்சு; பிங்குக்குப் பதில் அனுப்புவதும் அதுதான்.

"உள்ளதான் போய்க்கினு கீறேன், கேபிள இழுத்துக்கினு." சிரித்தான். "வெளிய இருந்து பாத்தா சின்ன ரூமு. உள்ள எம்மாம் பெருசா கீது தெரியுமா?"

சீசன் முடிந்த கம்பெனி. வாட்ச்மேன் கங்கையாவும் டிபன் சாப்பிடப் போயிருந்தார். பதினொரு மணி வெயிலில் தரையிலிருந்து எழுந்த புளித்த மாம்பழ வாடையும், எங்கோ சரியாக மூடாத குழாய் சொட்டுவதும், தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிடுவதும், அவற்றுக்கெல்லாம் அடியில் ஸ்பீக்கரில் கேட்ட அவன் காலடியும் தவிர வேறு சத்தமில்லை. இருபதடி அறை. ஐந்து நிமிடமாக அவன் நடந்துகொண்டே இருந்தான்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.

நாற்காலியை ஸ்கிரீனுக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா, போதும். திரும்பி வந்துடு."

"அப்பவே திரும்பிட்டேன்டி. கதவுதான் காணோம்." குரலில் இப்போது சிரிப்பில்லை. "லைட்டும் பூட்ச்சி. பக்கத்துல யாரோ மூச்சு வுடுறாங்க ரூபா."

முப்பது. பத்தொன்பது.

பூஜ்யமானால் அவன் சொல்லும் எதுவும் இவளை வந்து சேராது. ஓடிப்போய்க் கதவில் நிற்கலாம் என்று எழுந்தாள். எழுந்தால் எண்ணை யார் பார்ப்பது? எந்தப் பக்கம் நடந்தால் அது ஏறுகிறது என்று அவனுக்கு யார் சொல்வது? பாழாய்ப்போன வேலைப் பழக்கம், அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தது.

"லெப்டுல திரும்பு. ஐயோ, கொறையுது. ரைட்டுல. ஆங், ஏறுது. அப்டியே வா."

"பயமா கீதுடி. நீ எங்க கீற?"

பொய் சொன்னாள். பயந்து நடுங்குகிறவனுக்கு வேறென்ன சொல்வாள், பாவம்?

"கதவாண்டயே நின்னுகினு கீறேன் மாமா. கைய நீட்டிக்கினு. நேரா வா."

சொல்லி முடித்ததும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு மூச்சு நின்றது.

இருபத்தாறு. நாற்பது. அறுபது.

அறுபத்துநான்கு.

அப்பாடா என்று இருந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"வந்துட்டேன். தோ, நிக்கிற." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏன்டி பேசவே மாட்டேன்ற? கை ஏன் இப்டி ஜில்லுனு கீது?"

ரூபா திரும்பினாள். காலையிலிருந்து அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஜன்னல். அதற்கு வெளியே முற்றம். வெயில். எதிரே குளிர் அறை.

திறந்த கதவில் கிரண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவன் கையைப் பிடித்தபடி, இவளுக்கு முதுகு காட்டி, ஒரு பெண்.

ரூபாவின் பச்சைச் சுடிதார். ரூபாவின் நீளப் பின்னல்.

"மாமா! அது நான் இல்ல! கைய வுடு!"

கிரண் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான்.

அது அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. கதவைச் சாத்த இந்தப் பக்கம் திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்திலும் பின்னல்தான் தொங்கியது.