நாற்பது என்றாள்

சொல்லாமல் கொள்ளாமல் வந்தது மழை.

பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் நிற்கலாம். இருபது பேர் நின்றார்கள். கடைசியாக ஓடிவந்து ஒண்டியவள் அவள்தான். உடம்பு கூரைக்குள்... தலை மழைக்குள். போதாதென்று முன்னால் மரம் மாதிரி ஒருவன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பளீர் வெள்ளை. கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கித் தள்ளி, அவன் கைக்கு அருகே தலையை நுழைத்துவிட்டாள்.

அந்த வெள்ளைச் சட்டைக் கையில் டொப்பென்று ஒரு சொட்டு விழுந்தது.

கறுப்புச் சொட்டு.

காலையில் அவசர அவசரமாகத் தலைக்கு மை பூசி, பாதியில் குழாய் நின்றுபோய், அரைகுறையாய் அலசிக்கொண்டு கிளம்பியது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவன் சட்டையைப் பார்த்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவரிடம், "ஓட்டைக்குத் தார் பூசியிருக்கான் போல. அது கரைஞ்சு ஒழுகுது பாருங்க," என்று குறைபட்டுக்கொண்டான்.

சொல்லிவிடலாமா... சொன்னால் மானம் போகும். கூரைக்கு என்ன வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? பழி அதன் தலையிலேயே கிடக்கட்டும் என்று கம்மென்று நின்றாள்.

அடுத்த சொட்டு அவள் நெற்றியிலிருந்து கிளம்பி, கன்னத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டு, தாடையில் வந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில்தானா அவன் திரும்ப வேண்டும்...

மழை கழுவிவைத்த மாதிரி இரண்டு கண்கள். ஓரத்தில் சின்னச் சின்னச் சுருக்கம், சிரித்துச் சிரித்து விழுந்தது. உதடு அசையவில்லை. கண் மட்டும் சிரித்தது.

"கூரை உங்க மேலயும் ஒழுகுது போலிருக்கே," என்று கைக்குட்டையை நீட்டினான்.

"ஒண்ணும் தேவையில்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நனைந்துகொண்டே நடந்து வேலைக்குப் போனாள். அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாம் மாடியில், பெண்கள் பிரிவில். போட்டுப் பார்க்கும் அறைகள் நான்கு. நான்குக்கும் அவள்தான் ராணி. கடையில் எல்லோருக்கும் 'ட்ரையல் ரூம் அக்கா'. அவள் வாயிலிருந்து அளவு எண் ஒருநாளும் வராது. உள்ளே ஒருத்தி ஜிப்போடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டால் போதும். அடுத்த பெரிய அளவை எடுத்துக் கதவுக்கு மேலாக நீட்டுவாள். "இந்தக் கம்பெனிக்காரன் சின்னதா வெட்டித் தொலைக்கிறான்மா. இதைப் போட்டுப் பாருங்க." அந்தக் கம்பெனிக்காரன் பாவம், வருஷக்கணக்காகச் சின்னதாகவே வெட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள்.

அவளுக்கு நீட்டத்தான் ஆள் இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து, ஒரு மகள் பிறந்து, ஒத்துவராமல் முடிந்து, வெகுகாலமாயிற்று. வயது நாற்பத்தெட்டு. சில நாள் கண்ணாடியைக் கடக்கும்போது, 'அட, பரவாயில்லையே' என்றிருக்கும். சில நாள், 'யாருடி இவ, என் சட்டையைப் போட்டுக்கிட்டு?' என்றிருக்கும். முன்பெல்லாம் தெருவில் எவனாவது உற்றுப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இப்போது ஒருவனும் பார்ப்பதில்லை. அது எவ்வளவு நிம்மதி... ஆனாலும் ஒருவன்கூடவா பார்க்கக்கூடாது?

அந்த வாரம் முதலாளி அறைக் கண்ணாடிகளை மாற்றச் சொல்லியிருந்தார். ஓரமெல்லாம் ரசம் போய், பார்ப்பவர்களுக்கெல்லாம் அம்மை போட்ட மாதிரி தெரிந்தது. கம்பளியில் சுற்றிய ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் தாங்கிக்கொண்டு படியேறி வந்தவனைப் பார்த்ததும் அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போனது.

அவனேதான்.

"கூரை சௌக்கியமா?" என்றான்.

"எந்தக் கூரை?"

"சரி... ஆள் மாறிப் பேசிட்டேன் போல."

கண் மட்டும் சிரித்தது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் வந்தால் காது மடல் ஏன் சூடாக வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

முதல் அறையில் புதுக் கண்ணாடி ஏறியது. போட்டுப் பார்க்கப் போன இரண்டு பெண்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக, எடுத்த துணியையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். அவள் நேரே அவனிடம் வந்தாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடி மேல் பக்கத்தை ஒரு விரக்கடை பின்னால சாய்ச்சு மாட்டுங்க. ஆளு கொஞ்சம் ஒல்லியா, உசரமா தெரியும்."

"ரசமட்டம் வச்சு நேரா மாட்டினதுங்க. சாய்ச்சா அது கண்ணாடி இல்ல, வக்கீல்."

"வக்கீலாவே இருக்கட்டும். இங்க வர்றவங்க துணி வாங்க வர்றாங்க, தீர்ப்பு வாங்க வரல."

அவன் அறைக்குள் போய்த் தன் முகத்தைப் பார்த்தான். மேலே பார்த்தான். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீங்க சொல்றது நியாயம். ஆனா தப்பு கண்ணாடி மேல இல்ல, லைட்டு மேல. உச்சந்தலையில அடிச்சா பச்சப் புள்ளைக்கும் கண்ணுக்குக் கீழ குழி விழும். பக்கத்துல வச்சுடறேன்."

மதியத்துக்குள் விளக்கைக் கழற்றி, கண்ணாடியின் இரு பக்கமும் முகத்துக்கு நேராகப் பொருத்தினான். "நில்லுங்க, பார்க்கணும்," என்றான்.

நின்றாள். கோடுகள் எங்கும் போய்விடவில்லை; கழுத்தில் இரண்டு, கண்ணோரம் ஒரு கொத்து. ஆனால் அந்தக் கண்கள்... 'நான் இங்கதானே இருந்தேன், நீதான் பார்க்கல' என்பது போல் பார்த்தன. அவளுக்குப் பின்னால் அவன். கண்ணாடிக்குள்ளேயே நான்கு கண்களும் முட்டிக்கொண்டன.

"இப்ப சரியா இருக்குல்ல?" என்றான் மெதுவாக.

"லைட்டா?"

"லைட்டுந்தான்."

ஓர் அறை முடிந்த பிறகுதான் அடுத்த அறை. அதனால் வேலை நீண்டது. மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரமும் நீண்டது. தனக்கு நாற்பத்துமூன்று என்றான். பெண் பார்த்தார்களாம், எதுவும் அமையவில்லையாம். "கண்ணாடி விக்கிறவனைக் கண்ணாடி மாதிரியே பார்த்தாங்க. என்னைத் தாண்டித் தங்களைத்தான் பார்த்துக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன ஒரு... முப்பத்தெட்டு இருக்குமா?" என்றான்.

உள்ளே பட்டாம்பூச்சி பறந்தது. பறந்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நாப்பது."

'இந்தக் கம்பெனிக்காரன் சின்னதா வெட்டுறான்' என்று சொல்வாளே... அதே பழக்கத்தில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் அவளுக்கு மை பூசிவிட்டாள். இருபத்தொரு வயது, வாய் மட்டும் ஐம்பது. தன் முன்னுச்சி முடியில் ஒரு கற்றைக்கு வெள்ளி நிறம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"நீ காசு குடுத்து நரைக்க வைக்கிறே. நான் காசு குடுத்து மறைக்கிறேன்."

"பேச்சை மாத்தாதே. நாலு நாளா பாட்டு முணுமுணுக்கிறே. யாரும்மா?"

"கண்ணாடிக்காரர்."

"ஓஹோ... உன் வயசு தெரியுமா அவருக்கு?"

"தெரியும்... கொஞ்சம் கொறைச்சு."

மகள் சிரிக்கவில்லை. சீப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தை எட்டிப் பார்த்தாள். "நீயே போய்ச் சொல்லிடும்மா. இன்னொருத்தர் சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது."

சொல்லத்தான் நினைத்தாள். திங்கட்கிழமை போனது. செவ்வாய் போனது. அவன் பார்க்கும் ஒவ்வொரு பார்வைக்கும், 'இன்னொரு நாள்... இந்த ஒரு நாள் மட்டும்...' என்று மனசு கெஞ்சியது.

புதன்கிழமை அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான். "நாளைக்கு எங்க அக்கா வர்றாங்க. துணி எடுக்கணுமாம். அப்படியே... உங்களையும் பார்க்கணுமாம்."

அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

அக்கா வந்தார். தம்பியின் அதே கண்கள், கொஞ்சம் களைத்தவை. அவர் எடுத்ததெல்லாம் மண் நிறமும் சாம்பல் நிறமும். அவள்தான் ஒரு நீலச் சுடிதாரைத் தேடி எடுத்துக் கையில் திணித்தாள். போட்டுக்கொண்டு, "பின்னால கொக்கி மாட்டி விடுங்களேன்," என்று அக்கா கூப்பிட, உள்ளே போனாள். கண்ணாடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.

"நல்லா எடுப்பா இருக்குக்கா."

அக்கா தன்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "உங்களுக்கு நாப்பதுன்னு தம்பி சொன்னான். பார்த்தாலே தெரியுது. எனக்கு நாப்பத்தெட்டு... உங்க பக்கத்துல நின்னா உங்க பெரியம்மா மாதிரி இருக்கேன்." கழுத்தைத் தடவிக்கொண்டார். "நாப்பத்தெட்டுன்னா இவ்வளவுதான் போல. இதைக் கழட்டிடுங்க. எனக்கு எதுக்கு இந்தக் கலரெல்லாம்?"

அவளிடம் எல்லோருக்கும் ஒரு சொல் இருந்தது. இந்த அக்காவுக்கு இல்லை. இவர் முகத்தில் விழுந்த இருட்டு எந்த விளக்கினாலும் விழுந்ததல்ல. அவள் சொன்ன 'நாப்பது' என்ற ஒரு சொல்லால் விழுந்தது. சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாவிட்டால், இந்த அக்கா மண் நிறத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கொக்கியை விட்டுக் கையை எடுத்தாள்.

"உங்களை நான் அக்கான்னு கூப்பிடக் கூடாதுங்க," என்றாள். "எனக்கும் நாப்பத்தெட்டுதான்."

"என்னது?"

"நாப்பத்தெட்டு. உங்க தம்பிகிட்ட கொறைச்சுச் சொல்லிட்டேன்."

அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். உடை மாற்றிக்கொண்டு, நீலத்தை மடித்து ஸ்டூலில் வைத்துவிட்டு, மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவன் வந்தான். தலையைக் குனிந்தபடி கடைசிக் கண்ணாடியை மாட்டினான். டீ குடிக்கவில்லை. போனான். அவளும் கூப்பிடவில்லை. 'கேக்கணும்னா அவரே கேக்கட்டுமே... நான் ஏன் கெஞ்சணும்?' என்று வீம்பாக நின்றாள். வீம்புக்கு ஒரு வாரம் தாங்குகிற வலுதான் இருந்தது.

விடுமுறை நாளன்று, கடைத்தெருக் கோடியிலிருந்த அவனுடைய கண்ணாடிக் கடைக்குப் போனாள். உள்ளே காலெடுத்து வைத்ததும் பத்துப் பதினைந்து பேர் கூடவே நுழைந்தார்கள். எல்லாம் அவளேதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்... ஓடி ஒளிய ஓர் இடமில்லை.

அவன் மேசைமேல் குனிந்து கண்ணாடியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, "ஒரு நிமிஷம். கோடு பாதில நிக்கக் கூடாது," என்றான். கோடு முடிந்தது. கண்ணாடி டிக்கென்று இரண்டானது. அப்புறம்தான் பார்த்தான்.

"குறுக்கே பேசாதீங்க. நிறுத்தினா எனக்குத் திரும்ப வராது," என்று ஆரம்பித்தாள். "எனக்கு நாப்பத்தெட்டு. உங்களைவிட அஞ்சு வருஷம் பெரியவ. தலைல பாதிக்கு மேல வெள்ளை. மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடிச்சாத்தான் படிக்க முடியும். மாடி ஏறினா முழங்கால் சத்தம் போடும். பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. சில நாள் என்னையே எனக்குப் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. பொய் சொன்னது தப்பு. அவ்வளவுதான்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அக்கா சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தோணலைங்க. அப்புறம்தான் சுருக்குன்னுது. ஒரு நம்பரைக் கேட்டா ஓடிப்போயிடுவான்னு என்னைப் பத்தி நெனைச்சிட்டீங்களேன்னு."

"உங்களைப் பத்தி எங்க நெனைச்சேன்... என்னைப் பத்தித்தான் நெனைச்சேன்."

அவன் கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உங்க அக்காவுக்கு என் மேல ரொம்பக் கோவமா?"

"அக்காவா? வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கண்ணாடியை விட்டு நகரல. அந்த நீலத்தை யாருக்கும் குடுக்காம எடுத்து வைக்கச் சொல்லிச்சு. அப்புறம்..." காதைச் சொறிந்தான். "நீங்க என்ன மை பூசுறீங்கன்னு கேட்டுக்கிட்டு வரச் சொல்லிச்சு. கோவமா இருக்கிறவன் அதை எப்படிப் போய்க் கேக்கிறது? அதான் வரல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. இனி மை பூசுவதா, விட்டுவிடுவதா... அதை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொள்ளலாம்.

"நெஜமாவே உங்களுக்கு ஒண்ணுமில்லையா? அஞ்சு வருஷம்..."

"நீங்க நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றான் அவன். "அஞ்சு வருஷம் பிந்தி வந்தது நான். அதுக்கு நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?"

சுற்றியிருந்த கண்ணாடிகளிலெல்லாம் ஒரு பெண் தலைகுனிந்து சிவந்தாள். அவற்றில் ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இல்லங்க, நாப்பத்திமூணு வயசாகுது. காது முன்ன மாதிரி கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அவள் சொன்னாள். எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னாள்.