ஏத்தத்துக்கு முன்னால் திரும்பிய ஜீப்

தாஜ் முகம்மது உள்ளே வந்தபோது, அனந்தநாராயணன் நொறுங்கிய ஸ்கூட்டர் ஒன்றின் புகைப்படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, அடி எங்கிருந்து வந்தது என்று சொல்வது அவர் தொழில். படங்களை எடுத்த உதவியாளன் ஹாஜா பக்கத்தில் நின்று, அந்த ஸ்கூட்டர்க்காரன் பொய் சொல்கிறான் என்று மூன்றாவது முறையாக நிரூபித்துக்கொண்டிருந்தான்.

"சார், என் ஜீப்பை போலீஸ் கொண்டு போயிட்டாவ" என்றார் தாஜ் முகம்மது. "மலைக்கும் காட்டுக்கும் போறவங்களுக்கு வாடகைக்கு விடுத வண்டி. நாலு சக்கரமும் இழுக்குத ஜீப் என்கிட்ட அது ஒண்ணுதான்."

"உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

1994 மே மாதம் அது. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஸ்ரீராகவ் சனிக்கிழமை காலையில் மலைக்குப் போவதாகச் சொல்லி ஜீப்பை எடுத்திருக்கிறார். என்.சி.சி. பொறுப்பும் அவரிடம் இருப்பதால் கரடுமுரடான பாதையில் ஓட்டத் தெரிந்தவர். ஞாயிறு சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பாபநாசத்துக்கு மேலே வனச் சோதனைச் சாவடியில், பச்சைப் படுதா போட்ட ஜீப் ஒன்று தடுப்புக் கட்டையை உடைத்துக்கொண்டு பறந்திருக்கிறது. காவலாளியின் கால் முறிந்துவிட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை.

"பச்சைப் படுதா ஜீப்பு எல்லாத்தையும் விசாரிச்சாவ. மத்தவங்க எல்லாம் இன்ன இடத்துல இருந்தோம்னு சொல்லிட்டாங்க. வாத்தியார் மட்டும் வாயைத் தொறக்க மாட்டேங்காரு. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போகப் போறாவளாம். தங்கமான மனுசன் சார். அவர் வேலை போயிடும்."

"வண்டி திரும்பி வந்தப்போ எப்படி இருந்தது?"

"பளபளன்னு கழுவிக் கொண்டாந்தாரு. அதுதான் போலீசுக்குச் சந்தேகம். காட்டுக்குப் போற வண்டில்லா, பம்பர் ஏற்கெனவே நெளிஞ்சதுதான், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. புதுசா ஒரே ஒரு குறை, நாலு டயர்லயும் காத்து கம்மி. முப்பது இருக்கணும், பதினெட்டுதான் இருந்துச்சு. நான்தான் ராத்திரியே அடைச்சு வச்சேன்."

"நாலிலேயுமா? ஒரே அளவா?"

"ஆமா சார். பஞ்சர் ஒண்ணும் இல்ல."

"மீட்டர்?"

"போறப்பவும் வாறப்பவும் குறிச்சு வப்பேன். நூத்திப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கு."

ஹாஜா விரலை மடக்கி எண்ணினான். "சோதனைச் சாவடிக்குப் போக வர கிட்டத்தட்ட அவ்வளவுதான் சார்! சரியாப் போச்சு. வாத்தியார்தான்."

அனந்தநாராயணன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

காவல் நிலைய வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் பழக்கமானவர்தான். "பாத்துக்கிடுங்க சார், ஆனா எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று சொல்லி, ஸ்ரீராகவின் முதல் வாக்குமூலத்தையும் காட்டினார். நாலே வரி. 'சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். ராத்திரி அங்கேயே தங்கினேன். ஞாயிறு ஏத்தத்துக்கு முன்னாலேயே திரும்பிட்டோம். யாரையும் இடிக்கவில்லை.'

"எந்த இடம்னு கேட்டதும் மூடின வாய்தான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அனந்தநாராயணன் தரையில் செய்தித்தாளை விரித்து, மல்லாக்கப் படுத்து, ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். சற்று நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது. "ஹாஜா, இந்த ஸ்பிரிங் பட்டைகளை ஒரு படம் எடு. எவ்வளவு சுத்தம் பாரு. சகதியில போனவன் மட்கார்டைக் கழுவுவான். அடிவயிற்றை இவ்வளவு சிரத்தையா எவன் கழுவுவான்?"

ஹாஜாவும் உள்ளே நுழைந்தான். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கில், தண்ணீர் எட்டாத ஓரத்தில், வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தவன் முகத்தைச் சுளித்தான். "உப்பு சார்! நடுவுல கிளிஞ்சல் துணுக்கும் கிடக்கு."

பின் இருக்கைக்கு அடியில் இன்னும் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்று, ஒரு சாண் உயரமுள்ள மர முக்காலி. தாஜ் முகம்மது அது தன்னுடையது இல்லை என்றார். இன்னொன்று, கறுப்பு நூலில் கோத்த வசம்புத் துண்டுகள். ஒரு பெரியவரின் இரண்டு விரல்கள் மட்டுமே நுழையும் அளவு சின்ன வளையம்.

"வசம்பு வளையல் சார். கைப்பிள்ளைக்குக் கட்டுவாங்க. எங்க வீட்டுலயும் கட்டினோம்" என்றான் ஹாஜா. பிறகு குழம்பினான். "வாத்தியாருக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே?"

"அவர் வீட்டுல யாரெல்லாம்?"

தாஜ் முகம்மது குரலைத் தாழ்த்தினார். "அப்பா வைத்தீஸ்வரன், கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயி, கம்பு ஊனித்தான் நடக்காங்க. ஒரு தங்கச்சி உண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால கடக்கரைப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டு. அதோட அந்த வீட்டுல அந்தப் புள்ள பேரை யாரும் எடுக்கதில்ல."

அனந்தநாராயணன் உடையிலிருந்த தூசியைத் தட்டினார். அன்று மதியம் அவரும் ஹாஜாவும் கல்லூரி வாசலில் ஸ்ரீராகவைச் சந்தித்தார்கள்.

இருபத்தெட்டு வயது, மெலிந்த முகம், இரண்டு நாளாகச் சவரம் செய்யாத தாடை. அனந்தநாராயணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தங்கையோட குழந்தைக்கு எத்தனை மாசம்?"

ஸ்ரீராகவின் கண்கள் கலங்கிவிட்டன. "நாற்பது நாள் சார். ஆத்துமுகத்துல, காயலுக்கு நடுவில ஒரு திட்டு. பதினஞ்சு குடும்பம் இருக்கு. மாப்பிள்ளை சேவியர் அங்கே போட் எஞ்சின் பழுது பார்க்கிறார். அம்மாவால வள்ளத்துல ஏறி இறங்க முடியாது. கோடையில தண்ணி வத்தினா மட்டும் நாலு மணி நேரம் மணல் பாதை தெரியும்னு தங்கை எழுதியிருந்தா. அப்பா கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதை விட்டா வேற நாள் கிடைக்காது."

"இதைச் சொல்லிட்டா முடிஞ்சுதே."

"நான் சொன்னா அம்மாவுக்கு அந்த வீட்டுல நிம்மதி இருக்காது சார். 'அப்பாகிட்டே நானே ஒரு நாள் சொல்றேன், நீ சொல்லாதே'ன்னு கையைப் பிடிச்சுண்டா. ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். நீங்களும் சொல்லப்படாது."

திரும்பி வரும்போது ஹாஜா பொறுமையிழந்தான். "சார், நேரா ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிருவோம்!"

"ஜீப் மலைக்குப் போகலைன்னு நிரூபிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டாங்க. எதுக்குக் கடலுக்குப் போச்சுங்கிறது அவங்க வீட்டு விஷயம். முக்காலியும் வளையலும் நம்ம வாயில வராது. புரிஞ்சுதா?"

மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தீஸ்வரனின் வீட்டுக் கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் இருந்தார்கள். வைத்தீஸ்வரன் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீராகவ் சுவரோரம் நின்றான். தாஜ் முகம்மது வாசல் பக்கமே நின்றுவிட்டார். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"பத்து நிமிஷம் கொடுங்க" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு அனந்தநாராயணன் ஆரம்பித்தார்.

"முதல்ல டயர். ஒரு டயர்ல காத்து குறைஞ்சா பஞ்சர். நாலிலேயும் ஒரே அளவு குறைஞ்சிருந்தா அது அளந்து இறக்கின காத்து. மலைப்பாதையில, கல்லு மேல, காத்தை இறக்கினா டயர் கிழியும். புதைமணல்லதான் இறக்குவாங்க. டயர் அகலமாகும், மணல்ல அமுங்காது. பௌதிகம் தெரிஞ்சவர், ஜீப்பும் ஓட்டத் தெரிஞ்சவர்."

"சரி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ரெண்டாவது, கழுவினது. தடயத்தை அழிக்கிறவன் முன்பக்கத்தைத்தான் கழுவுவான். இவர் அடிப்பக்கத்தைக் கழுவியிருக்கார். உப்புத்தண்ணி பட்டா அடுத்தவர் வண்டி துருப்பிடிச்சிடுமேங்கிற கவலை. அப்படியும் பட்டை இடுக்கில உப்பும் கிளிஞ்சலும் ஒட்டியிருக்கு. வண்டி உங்ககிட்டேதான் இருக்கு, போய்ப் பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "சனிக்கிழமை மலையில இடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போயிருக்கலாம்லா?"

"மீட்டர் விடாது. இங்கேயிருந்து சோதனைச் சாவடிக்குப் போக வர நூத்திப் பத்துக்கு மேல ஆகும். கடக்கரைக்கும் அதே அளவுதான். ஓடினது நூத்திப் பதினெட்டு. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் போயிருக்க முடியும். எந்த இடத்துக்குன்னு உப்பு சொல்லுது."

ஹாஜாவுக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

"கடைசியா, அவரே சொன்ன வார்த்தை. 'ஏத்தத்துக்கு முன்னாலேயே திரும்பிட்டோம்.' நீங்க மலை ஏத்தம்னு எடுத்துக்கிட்டீங்க. ராத்திரி மலையில தங்கினவர் ஏத்தத்துக்கு முன்னால எப்படித் திரும்புவார்? ஏறினாத்தானே தங்க முடியும்? கடக்கரையில கேட்டுப் பாருங்க. தண்ணி இறங்கினா வத்தம், ஏறினா ஏத்தம். அங்கே ஒரு நாள் தங்கினதுல அந்தப் பேச்சு ஒட்டிக்கிட்டது."

சப்-இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நீங்க சொல்லுதது எனக்கு விளங்குது சார். ஆனா கோர்ட்டுல உப்பு வந்து சாட்சி சொல்லாதுல்லா. பார்த்த ஆள் வேணும். இன்னொண்ணு, 'திரும்பிட்டோம்'னு இருக்கு. கூடப் போனது யாரு?"

அனந்தநாராயணன் ஸ்ரீராகவைப் பார்த்தார். ஹாஜா தரையைப் பார்த்தான்.

"கேக்கறாரே, சொல்லேன்" என்றார் வைத்தீஸ்வரன், மகனைப் பார்த்து. "யாரோட போனே?"

ஸ்ரீராகவ் உதட்டைக் கடித்துக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அப்போ கிளம்புவோம் சார்."

உள்ளறைக் கதவு முழுதாகத் திறந்தது. ஸ்ரீராகவின் அம்மா சீதாலக்ஷ்மி கம்பை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகக் கூடத்துக்கு நடந்து வந்தாள்.

"நான்தான் போனேன்" என்றாள். "அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் கூட்டிண்டு போடான்னு அழுதேன். ஜீப்புல ஏற முக்காலி போட்டான். மணல்ல ஒரு இடத்துல வண்டி நின்னுபோச்சு. தண்ணி வந்துடுமோன்னு பயந்தேன். அக்கரையிலேர்ந்து நாலு பேர் ஓடி வந்து தள்ளினா. சனிக்கிழமை ஆறு மணிக்கு என் மடியில கொழந்தை தூங்கிண்டிருந்தது. அந்த ஊரே பாத்தது."

அவள் கணவரைப் பார்க்கவில்லை. "எனக்காக என் பிள்ளை ஜெயிலுக்குப் போக வேண்டாம். அப்புறம் என்ன ஆனாலும் சரி."

ஸ்ரீராகவ் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தான். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அம்மா, நீங்க சொல்லுததை நான் எழுதிக்கிடணும். அந்த ஊர்ல போய் ஒரு வார்த்தை கேட்டா போதும், உங்க மகன் மேல ஒண்ணும் கிடையாது." அவர் சொன்னபடியே ஆயிற்று. கட்டையை உடைத்த ஜீப் அடுத்த வாரம் தென்காசிப் பக்கம் ஒரு ஷெட்டில், வளைந்த பம்பரோடு பிடிபட்டது.

அன்று கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, சீதாலக்ஷ்மி சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் நிறுத்தினார்.

"யாரைப் பாக்கப் போனீங்கன்னு பேரு வேணும்மா."

சீதாலக்ஷ்மி வாயைத் திறந்தாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

"பேர் இல்லேன்னா வாக்குமூலம் நிக்காது" என்றது வைத்தீஸ்வரனின் குரல். முப்பது வருஷம் கோர்ட்டில் வாக்குமூலங்களைப் படித்த குரல். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சப்-இன்ஸ்பெக்டரின் தோளுக்கு மேலாகக் காகிதத்தைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்கோ" என்றார். "மஹாலக்ஷ்மி."

"உறவு சார்?"

வைத்தீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"மகள்."