ஆமை வேகத்தில் ஒரு மோதல்

காதல் கதைகளில் மோதல் சட்டென்று நடந்துவிடும். இங்கே அரை மணி நேரம் ஆனது. பாஹியா கடலில் காற்று செத்துக் கிடந்தது. நங்கூரம் போட்டு நின்ற வால்மிரின் பாய்மரப் படகை நோக்கி, தெற்கே ஓடும் நீரோட்டம் ஜுரேமாவின் படகை ஆமை வேகத்தில் தள்ளிக்கொண்டு வந்தது. திட்டிக்கொள்ள நிறைய நேரம் இருந்தது.

"ஏங்க, இன்ஜினைப் போடுங்க!" வால்மிர் கத்தினான்.

"மாட்டேன்! இல்யேவுஸ் துறைமுகம் வரைக்கும் பாயிலேயே ஓட்டிட்டுப் போனா படகு எனக்கு. இன்ஜினைத் தொட்டா தம்பிக்கு. எங்கப்பா சொல்லிட்டாரு!"

"தொட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

டொக்.

தள்ளிவிடக் காலை நீட்டியவன் நிமிர்ந்தான்... அவள் கண்கள்! மழைக்கு முந்தின கடல் மாதிரி... கால் தன் வேலையை மறந்தது. (நானாக இருந்தால் தண்ணீரில் விழுந்திருப்பேன்.)

"நானும்... தெக்கதான் போறேன். கயிறு கட்டி இழுக்கட்டுமா?"

"கயித்தைப் போட்டுப் பாருங்க, வெட்டிப்புடுவேன்."

கயிறு போடவில்லை. நங்கூரத்தை எடுத்துவிட்டு, இன்ஜினும் போடாமல் கூடவே வந்தான். கொய்யா அல்வாவை வீசினான், பிடித்துக்கொண்டாள். காற்று நின்றபோதெல்லாம், மாலுமிகள் வழக்கப்படி காற்றைக் கூப்பிடச் சீட்டியடித்தான். "லோரென்சோ சாமி, காத்தை அவுத்து விடுப்பா!"

"போதும், புயலே வந்துடப்போகுது!" சிரித்தேவிட்டாள்.

மறுநாள் இல்யேவுஸ் கண்ணில் பட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது... நீரோட்டமே தெற்கே இழுக்கும்போது, தெற்கே போகிறவன் எதற்கு நங்கூரம் போட்டான்?

"எங்கப்பா அனுப்பின ஆளா நீங்க? வேவு பாக்க வந்தீங்களா?"

"ஐயோ, உங்கப்பா கறுப்பா சிவப்பான்னே எனக்குத் தெரியாதுங்க!"

"அப்ப எங்க போய்ட்டிருந்தீங்க?"

"சால்வடாருக்கு..."

"அது வடக்க!"

"வடக்கதாங்க. உங்களைப் பாத்தேன்... திசை மறந்துபோச்சு."

அவள் பாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள். துறைமுகத்தின் வாசலிலேயே காற்று மறுபடி செத்தது. வெயிலில் நின்று, பாயின் அடிக்கட்டையைக் கையாலேயே வெளியே தள்ளிப் பிடித்து, மூச்சளவு வந்த காற்றையும் விடாமல் சேர்த்தாள். கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். அவன் உதவுகிறேன் என்று வாயைத் திறக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

கடைசியில் துறைமுகத்துக்குள் அவளே நங்கூரத்தை இறக்கினாள். அது மண்ணைப் பிடித்ததும் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"படகு என்னோடது. நாளைக்கு சால்வடார் போறேன்... பாயிலதான். உங்க படகை இங்கயே கட்டிட்டு இதுல ஏறுங்க."

"நானா? எதுக்குங்க?"

"இவ்வளவு மெதுவா, வாயை மூடிக்கிட்டு என்கூட வர்ற ஆளை வேற எங்க போய்த் தேடுவேன்? பிடிச்சிருக்குங்க... சத்தம் போட்டுச் சொல்லணுமா?"