சீல் வைத்த பெல்

1968 நவம்பர் 11, திங்கள்.

இன்றைய பிழை: சாயங்காலம் வண்டியில் பெல் மூன்று முறை அடித்தது. பின்னறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும், கை தானாகப் போய்த் திருப்பி மூன்று அடித்துவிட்டேன். சின்னப் பிழை.

ராபர்ட்சன்பேட்டையில் மாலை வகுப்பு நடத்தும் வாத்தியார் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார். அன்றைய பிழையில் தொடங்க வேண்டும். மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். வகுப்பில் அதை விடாமல் செய்தவன் ஏனோக் ஒருவன்தான். செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பவனும் அவன்தான். அன்று 'சின்னப் பிழை' என்ற இடத்தில் பேனா நின்றது. அவன் முதலாளி வீட்டு ஷெட்டுக்குள், தான் ஓட்டும் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். முதுகுக்குப் பின்னால், தடுப்புப் பலகைக்கு அப்பால், ஸ்பிரிங் பட்டைகள் முனகிக்கொண்டு தாழ்ந்தன. நிறையப் பேர் ஒருவர் பின் ஒருவராக ஏறி, தோளோடு தோள் இடித்து நின்றால் எப்படித் தாழுமோ, அப்படி.

அந்த வண்டி வந்த அன்று ஆண்டர்சன்பேட்டையே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. தங்கச் சுரங்கத்துக்கு மரம் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் மாணிக்கராஜ், கால் விழுந்துபோன மனைவி சரோஜம்மாவைப் படுக்க வைத்தபடியே வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பெங்களூரில் சொல்லிக் கட்டிய வண்டி அது. உள்ளே ரெக்சின் மெத்தை போட்ட கட்டில், கை கழுவத் தொட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை. கட்டிலில் இருப்பவர் டிரைவரைக் கூப்பிட ஒரு பொத்தான். காதில் விழுந்தது என்று டிரைவர் திருப்பி அடிக்க இன்னொன்று. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெல். எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் கேரண்டி.

வந்த மாதமே கோளாறு ஆரம்பித்தது. மழையில்லாத நாளில் கூரை ஒழுகியது; ஒழுகிய தண்ணீர் சாம்பல் நிறத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பின்கதவு உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல் இறுகிக்கொண்டது. டிரைவர் பக்கத்துப் பெல் தானாக அடித்தது. ஏனோக் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு மூன்று முறை பெங்களூருக்கு ஓட்டிப்போனான். கம்பெனியில் ஒயரை மாற்றினார்கள், கூரைக்குப் புதுத் தகடு அடித்தார்கள், பட்டைகளைக் கழற்றி வேறு போட்டார்கள். அங்கே நின்ற நாளெல்லாம் வண்டி சமர்த்தாக இருந்தது. திரும்பி வரும் வழியில், ஊருக்குள் நுழையும் இடத்தில், கோரமண்டல் ரயில்வே கேட்டைக் கடந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் கோபுரச் சக்கரம் கண்ணில் பட்டதும், பெல் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் கரகரக்கும்.

கடைசி முறை, கன்னடம் கலந்த தமிழ் பேசும் ஃபோர்மன் சிரித்தான். "இங்க ஏனும் இல்லப்பா. ஒங்க ஊர் தண்ணியிலதான் இன்னாவோ கீது." பிறகு பெல் பெட்டிக்கு ஈயச் சீல் வைத்தான். "இத யாரும் தொடக்கூடாது. சீல் ஒடஞ்சா கேரண்டி போச்சு, தெரிஞ்சுக்க."

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் ஏனோக் பக்கத்து பெஞ்சுக்காரன் துரையிடம் விஷயத்தைச் சொன்னான். துரை பகலில் ஷாஃப்ட்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்குப் பெல் அடிக்கும் பெல்மேன்.

"இன்னாடா, காண்ட்ராக்டர் வண்டிக்கும் ஷிஃப்ட்டு போட்டுட்டாங்களா? ஓவர்டைம் உண்டா?"

"கிண்டல் பண்ணாத. ஒயர்ல ஷார்ட்டா இருக்குமான்னுதான் கேக்குறேன்."

"ஷார்ட்டுன்னா கத்திகினே இருக்கும். எண்ணியா அடிக்கும்? எத்தினி அடிச்சுது?"

"மூணு."

"மூணுன்னா ஆளு ஏறுது." துரையின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "நீ இன்னா பண்ண?"

"திருப்பி மூணு அடிச்சுட்டேன்."

துரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினான். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது, இரண்டென்றால் கீழே, ஒன்றென்றால் மேலே. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் மரப்பெட்டியைக் கேஜாக்கி, தகரத் தட்டைப் பெல்லாக்கி விளையாடியே வளர்ந்தவர்கள். கேட்டதைக் கேட்டபடி திருப்பி அடிக்கும் வரை கேஜ் நகரக்கூடாது.

"நாம திருப்பி அடிக்கிற வரைக்கும் அது வெறும் சத்தம்டா," என்றான் துரை. "அடிச்சிட்டா சிக்னலு. இப்ப ஏறி நின்னுட்டாங்க. இனிமே ரெண்டு வரும். நீ கைய வெக்காத."

"யாரு ஏறி நின்னுட்டாங்க?"

"எனக்கு இன்னாடா தெரியும்? அடிக்கிறது யாருன்னு நாங்க கேக்குறதில்ல." அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். வழக்கமாகச் சேர்ந்து நடக்கிறவன், அன்று தனியாகப் போனான்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியின் பின்பாகம் இன்னும் தாழ்ந்தே கிடந்தது. ஏறியவர்கள் இறங்கவில்லை. அந்த நினைப்பை ஏனோக் ஸ்பிரிங் பட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தான். மறுநாள் விடியலில் வேளாங்கண்ணிப் பயணம். அவன் மாணிக்கராஜிடம் போனான்.

"ஐயா, அந்தப் பெல்லு ஒயர மட்டும் வெட்டிடலாமா?"

"சீல ஒடைச்சா கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான். அப்புறம் கூரைக்கும் கதவுக்கும் உங்கப்பனா வருவான்?" மாணிக்கராஜ் நிமிர்ந்து பார்த்தார். "ஓட்ட பயமா இருந்தா இப்பவே சொல்லிடு. வேற ஆள் பாத்துக்கறேன்."

வேறு ஆள் வந்தால், அந்த ஆளுக்குத் திருப்பி அடிக்கக் கூடாது என்று தெரியாது. தானே ஓட்டுவதாக ஏனோக் சொல்லிவிட்டான்.

சரோஜம்மா அன்றைக்கே வண்டியில் படுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "காலையில என்ன மூட்ட மாதிரி தூக்கிகினு வர்றத தெருவே பாக்கணுமா? இருட்டுல போட்டுடுங்க. நான் மகாராணியாட்டம் உள்ளயே இருக்கேன்." கட்டிலில் படுக்க வைத்ததும் பொத்தானைத் தடவிப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. "எங்கப்பா பெல்மேனு, தெரியுமா? சோத்துத் தட்டுல மூணு தட்டுவாரு. நாங்க திருப்பித் தட்டுனாதான் கைய வெப்பாரு."

"எதுனா வேணும்னா நாலு அடிங்கம்மா. நாலு. உடனே ஓடி வந்துடுவேன்."

"நாலா? அது எந்தக் கணக்குல சேத்தி?"

"நம்ம கணக்கும்மா."

இன்னொன்றும் அவன் சொல்லியிருக்கலாம். பெல் அடித்தால் நீங்கள் தொடாதீர்கள் என்று. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பயப்படுவாள், காரணம் கேட்பாள், ஐயாவிடம் போகும். தவிர, கட்டில் பக்கத்துப் பெல் இதுவரை ஒருமுறைகூடத் தானாக அடித்ததில்லை. குறித்து வைத்த கோளாறுகளில் அது இல்லை. ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தான். முடிவு சரிதானா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

தெருக்கோடியில் ஏதோ ஒரு வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். தடுப்புப் பலகையின் சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் விளக்கின் கீழ், வெள்ளைப் போர்வைக்குள் சரோஜம்மாவின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்து, வீட்டுக்குள் பாத்திரங்கள் ஒருமுறை கிணுகிணுத்து அடங்கின. அதற்கு யாரும் தலைதூக்கிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மீன் வாசனை நின்றுபோனதை ஏனோக் கவனித்தான். அந்த இடத்தில் வேறொரு வாசனை வந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்களின் சட்டையிலிருந்து வருமே, ஈரக் கல்லும் வெடிப்புகையும் பல பேர் வேர்வையும் கலந்தது, அது.

பெல் அடித்தது. அவன் பக்கத்துப் பெல்.

இரண்டு.

ஏனோக் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

மறுபடி இரண்டு. பொறுமையாக. காத்திருந்து பழகியவர்கள் அடிப்பதுபோல.

அவன் அசையவில்லை. ரேடியோ நின்றுபோயிருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது, வெதுவெதுப்பாக. நெடுநேரம் எதுவும் இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தான். மூச்சை விட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டில் தலைமாட்டில், பெல் அடித்தது.

இரண்டு.

அவன் கை தொடைக்கடியில்தான் இருந்தது.

சரோஜம்மா கண் விழித்தாள். கண்ணாடி வழியே அவனைப் பார்த்துச் சிரித்தாள். குரல் மெலிதாக வந்தது. "இன்னா ஏனோக்கு, என்ன கீழ இறக்குறியா?"

"அம்மா, வேணாம்!"

அவள் கை மேலே போய்விட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை.

இரண்டு.

மஞ்சள் விளக்கு அணைந்தது. ஸ்பிரிங் பட்டைகள் ஒரே மூச்சில் நிமிர்ந்தன. இத்தனை நாள் சுமந்த பாரம் மொத்தமும் இறங்கியதுபோல் வண்டி துள்ளியது. ஏனோக் குதித்தான். ஓடினான். பின்கதவு சுட்டது. இழுத்தான். வரவில்லை. காலைக் கொடுத்து இழுத்தான்.

திறந்தது.

கீழிருந்து சூடான காற்று முகத்தில் அறைந்தது. கட்டில் இல்லை. தொட்டி இல்லை. தரை இல்லை. கிரீஸ் மினுங்கும் ஓர் இரும்புக் கயிறு இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். கீழே. இன்னும் கீழே. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எங்கோ ஆழத்தில் சின்னச் சின்ன விளக்குகள், நெருக்கமாக, வட்டமாக. நடுவில் ஒரு வெள்ளைப் போர்வை. சிறுத்துக்கொண்டே போனது.

பிறகு அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து அவனைப் பார்த்தன.

அலறல் கேட்டு மாணிக்கராஜ் டார்ச்சோடு ஓடி வந்தபோது தரை இருந்தது. கட்டில் இருந்தது. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம் இருந்தது. அதில் கை வைத்தவர் சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் தேடினார்கள். நடக்க முடியாதவளைக் கிணறுகளில் தேடினார்கள், ரயில் பாதையில் தேடினார்கள். போலீஸ் ஏனோக்கை உட்கார வைத்துக் கேட்டது. அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். மாணிக்கராஜ் வண்டிப் பக்கமே வரவில்லை. பெல் சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு கம்பெனிக்கு ஆள் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை இருட்டியதும் ஏனோக் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். எதிரே, சீல் உடையாத பெட்டிக்குள், பெல் அடித்தது. நாலு. சற்றுப் பொறுத்து மறுபடி நாலு. முந்தாநாளிலிருந்து இதேதான். நாலுக்குத் துரையின் ஷாஃப்ட்டில் அர்த்தம் கிடையாது. அதனால்தான் அவன் நாலைத் தேர்ந்தெடுத்தான். அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். உடனே ஓடி வந்துடுவேன் என்று சொல்லியிருந்தான். திருப்பி அடித்தால் தரை திறக்கும். அதற்குமேல் அவனால் நினைக்க முடியவில்லை.

அவன் எழுதத் தொடங்கினான். எழுத்து கோட்டை விட்டு விலகவில்லை.

1968 நவம்பர் 15, வெள்ளி.

இன்றைய பிழை:

அந்த இடத்தை வெறுமையாக விட்டான். நாலு. அவனுடைய விரல் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. நாலு. இந்த முறை கடைசி அடி கொஞ்சம் தளர்ந்து ஒலித்தது, கை ஓய்ந்துபோனவர் அடிப்பதுபோல. அவன் விரலை எடுத்துக்கொண்டு கடைசி வரியை எழுதினான்.

நாளைய வேலை: காலையில் கம்பெனி ஆள் வருகிறார். பெல் பெட்டியைச் சீல் உடையாமல் கழற்றி அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.