ஐந்து பிளாஸ்திரி

காலை 9.10. குழந்தைகள் காப்பகத்தில் ஐந்து குட்டி நாற்காலிகள் காலி. ஐந்து பேருக்கும் தொற்று என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. மிச்சமிருந்த வாண்டுகள் மாஸ்க்கோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா அப்பா வந்து கூட்டிப்போகக் காத்திருந்தன.

9.40. பெண் சுகாதார ஆய்வாளர் ஒருவர் உள்ளே நுழைந்தார். குட்டி நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஆ!" என்றார்.

பொம்மை ஸ்டெதஸ்கோப்போடு நாலு வயசுக்காரி ஒருத்தி ஓடிவந்தாள். அங்கே அவளுக்குப் பேரே 'டாக்டர்'தான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, உதட்டைக் குவித்துக்கொண்டு அவள் குனிவதற்குள் ஆயா கையைப் பிடித்து இழுத்துவிட்டார். "அத்தைக்கு ஒண்ணுமில்லடி தங்கம். நீ வா."

"எல்லாம் இந்த ஆயாவாலதான்," என்று நிர்வாகி பொரிந்து தள்ளினார். "மூணு நாளா இருமல். இன்னையோட வேலைய விட்டு அனுப்பிடறேன்."

பன்னிரண்டு வருஷமாக அங்கே மூக்குத் துடைத்துவிடுகிற ஆயா, டாக்டரின் மாஸ்க்கை மேலே ஏற்றிவிட்டார்.

"ஆயாவுக்கு டெஸ்ட்?"

"நெகட்டிவாம். யார் நம்பறது?"

"அஞ்சு பேரும் ஒரே வகுப்பா?"

"இல்ல. சாப்பாடுகூட தனித்தனியாத்தான்."

ஆய்வாளர் முதலுதவி நோட்டைப் புரட்டினார். போன வாரம் ஐந்து பேரும் கீழே விழுந்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் பிளாஸ்திரி ஒட்டியவர் ஆயா.

"பார்த்தீங்களா!" என்றார் நிர்வாகி.

"பார்த்தேன். வியாழக்கிழமையும் ரெண்டு பேர் விழுந்திருக்காங்க. அவங்களுக்கும் ஆயாதான் ஒட்டினாங்க. அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களே?" ஆய்வாளர் வருகைப் பதிவேட்டை இழுத்தார். வியாழனன்று வராதது ஒரே ஒரு ஆள். டாக்டர்.

"அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லையே!"

"சில குழந்தைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா அவங்க மூச்சுலேருந்து மத்தவங்களுக்குத் தொத்தும்."

"மாஸ்க் போட்டுட்டுத்தானே இருக்கா?"

"மாஸ்க் போட்டா ஊத முடியாதே! யார் விழுந்தாலும் ஆயா பிளாஸ்திரி எடுத்துட்டு வர்றதுக்குள்ள டாக்டர் ஆஜர். மாஸ்க்கை இறக்கி, வலிக்கிற இடத்துல ஊதறா. அழற குழந்தை மூச்சு வாங்கும், ரெண்டு முகமும் பக்கத்துல. இப்ப என் காலுக்கும் வைத்தியம் பார்க்கத்தான் வந்தா."

11.30. டாக்டரின் பரிசோதனை முடிவு வந்தது. பாசிட்டிவ்.

"உங்களுக்குத் தெரியும் இல்லம்மா?" என்றார் ஆய்வாளர்.

ஆயாவின் கண் கலங்கியது. "காலைல அஞ்சு பேர் பேரையும் கேட்டதுமே பொறி தட்டுச்சு. சொன்னா எல்லாரும் பிள்ளையைத்தானே கை காட்டுவாங்க? எனக்கு இந்த வேலை போனா இன்னொண்ணு."

"கண்டுபிடிக்காம விட்டிருந்தா அவ வீட்டுக்கும் போயி இன்னும் பரவியிருக்கும்." கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார், முடியவில்லை. அறிக்கையில் 'ஒரு குழந்தை' என்று மட்டும் எழுதினார். நிர்வாகி ஆயாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, "காப்பகம்... மறுபடி திறந்ததும் நீங்கதான் வரணும்," என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆறு பேரும் தேறி வந்துவிட்டார்கள். அன்று ஆயாவின் விரல் கதவிடுக்கில் மாட்டியது. டாக்டர் ஓடிவந்தாள். கை மாஸ்க்குக்குப் போனது. நின்றது. மாஸ்க்கை இறக்கி ஊதக் கூடாதென்று ஆய்வாளர் அவளிடம் சொல்லிப்போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேஜையிலிருந்த முதலுதவி நோட்டை இரண்டு கையாலும் தூக்கி, விரலுக்கு விசிற ஆரம்பித்தாள்.

"வலி போச்சா?"

"போயே போச்சு, டாக்டர்."