நாற்பதாவது புழு

காலையில் ஊட்டிவிட்ட ரொட்டித் துண்டு மாலை ஆறு மணிக்கும் குழந்தையின் இடது கன்னத்தில் உப்பிக்கொண்டிருந்தது.

இரவுப் பேருந்து ஓட்டப் புறப்பட்ட அவள் கணவர் செருப்பை மாட்டியபடியே குறைபட்டுக்கொண்டார். பாலில் நனைத்த ரொட்டி, பிசைந்த வாழைப்பழம் என்று எதைக் கொடுத்தாலும் குட்டி வாங்கிக்கொள்கிறாளாம். ஆனாலும் பகலெல்லாம் பசி பசி என்று அழுதாளாம். "விழுங்கவே மாட்டேங்கறா. எல்லாத்தையும் வாயில அடக்கி வெச்சுக்கறா. அம்மாவோட பிடிவாதம் எங்க போகும்?" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

கதவை மூடியதும் வீட்டுக்குள் புளித்த பால் வாடை கனத்து நின்றது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தத்துக்கும் ஃபிரிட்ஜின் முனகலுக்கும் அடியில், ஈரமாய், மெல்லியதாய், நிற்காமல் இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையின் தாடை. மெல்லுவதற்கு அத்தனை வேகம் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

புழுவின் தொண்டை அப்படித் துடிப்பதை, எண்ணும் கருவியைக் கையில் வைத்து அழுத்தி அழுத்தி எண்ணுவதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில், முட்டையிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன நாற்பது உருளைப்புழுக்களின் தொண்டையில், ஒரே ஒரு நரம்பு செல்லை லேசரால் பொசுக்கியிருந்தாள். உணவைக் கீழே தள்ளச் சொல்லும் செல் அது. அது போனால் புழு உணவை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்; எதுவும் இறங்காது. தொண்டை நிறையச் சோற்றோடு பட்டினி கிடக்கும். மூன்றாம் நாள் எண்ணிக்கை முடிந்ததும், பர்னரில் காய வைத்த கம்பியால் புழுக்களை எரித்துவிடுவது அங்கே வழக்கம். அவள் எரிக்கவில்லை. "சோத்துக்கு நடுவுல உக்கார வெச்சுப் பட்டினி போடறியேடி, உனக்கே அடுக்குமா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டபோது, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். ஆய்வுக்கு அது தேவையே இல்லை. பார்க்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இன்று பத்தாம் நாள்.

குழந்தையை மடியில் இழுத்தாள். எடையே இல்லை. தோள் எலும்பு விரலில் தட்டுப்பட்டது. "ஆ காட்டு, செல்லம்."

வாய் திறந்தது. காலையின் ரொட்டி. அதன் பின்னால் நேற்றைய சாதம். அதற்கும் பின்னால், தொண்டை வரை, வெள்ளையாய், இறுகிப்போய், என்றைக்கோ ஊட்டியதெல்லாம். விரலை விட்டுத் தோண்டினாள். ஒரு பருக்கைகூட அசையவில்லை. குழந்தை அழவும் இல்லை. அவள் கையில் மிச்சமிருந்த ரொட்டியையே பார்த்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டாள். பக்கத்து மேசைக்காரிதான் எடுத்தாள். தட்டில் இருக்கும் புழுக்கள் என்ன ஆயின என்று இவள் கேட்டாள்.

"முப்பத்தொன்பது செத்துக் கிடக்கு. ஒண்ணு மட்டும் இன்னும் வாயை ஆட்டிக்கிட்டு இருக்கு. பாக்கவே சகிக்கல. கம்பியைக் காய வெச்சிருக்கேன், எரிச்சிடவா?"

சரி என்றால்? வேண்டாம் என்றால்?

எந்தச் சொல் குழந்தையை விடுவிக்கும்? எது கொல்லும்?

"என்னடி, பேச்சைக் காணோம்?"

போனுக்குள் பர்னர் சீறியது. குழந்தை சட்டென்று தலையைத் திருப்பியது. போனைப் பார்த்தது. மடியிலிருந்து நழுவி, பின்னோக்கி நகர்ந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டது. தாடை நிற்கவில்லை.

டிக். டிக். டிக்.

அவள் குனிந்து பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டு வந்ததாக நினைத்த எண்ணும் கருவி அவள் இடது கையில் இருந்தது. கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்று. தவறாமல்.

"சரி, மௌனம் சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

குழந்தை வாய் நிறையச் சோற்றோடு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டது.

டிக். டிக்.